ஆறு மணிக்கு மேல் தேத்தண்ணி

முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. என்னுடையது படித்து வாங்கியது.

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்துகொண்டே தபால் வழியில் சட்டம் படித்தேன். முதல் பேப்பரில் தேறியதும் நடையே மாறிவிட்டது. டீக்கடையில் காசு கொடுக்கும்போதுகூட நீதிபதி தீர்ப்பு சொல்கிற மாதிரி கையை நீட்டுவேன். இரண்டாவது பேப்பரில் ஒரு கேள்வி: சட்டமும் அறமும் ஒன்றா, வேறா? ஒன்றுதான் என்று தொடங்கினேன். நடுவில் சந்தேகம் வந்து வேறு என்று திரும்பினேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கி, இரண்டும் சரி என்று முடித்தேன். திருத்தியவருக்கு எந்த இடத்தில் கோபம் வந்ததோ தெரியவில்லை. என் வக்கீல் வாழ்க்கை அந்தத் தாளோடு முடிந்தது.

முடிந்தது முடிந்ததாக இருந்திருக்கலாம். அந்த அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு போர்டு எழுதினேன்.

எங்கள் தோட்டத்துக்குள் போக ஒரே வழிதான். பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, ஓடை மேல் கிடக்கும் பழைய இரும்புப் பாலத்தைத் தாண்டி, தேயிலைச் சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும். வெள்ளைக்கார துரை காலத்துப் பாலம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிச் சனங்களுக்கும் அதுதான், மேலே நிலம் வாடகைக்கு எடுத்து முட்டைக்கோசு போட்டவர்களின் லோரிக்கும் அதுதான். ஒரு நாள் சாயங்காலப் பனியில் ஒரு கோசு லோரி பாலத்தில் பாதியும் காற்றில் பாதியுமாக நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓடையில் மட்டும் ஒரு வாரம் கோசு மிதந்தது. அதற்கப்புறம்தான் துரை என்னைக் கூப்பிட்டு, ஒரு ரூல் எழுதச் சொன்னார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், ஈப்போத் தமிழர்தான். மேனேஜர் நாற்காலிக்கு எங்கள் பக்கம் இன்னும் அதே பெயர்.

எழுதினேன். "மாலை ஆறு மணிக்கு மேல் எந்த வாகனமும் எக்காரணத்தைக் கொண்டும் இப்பாலத்தைக் கடக்கக் கூடாது. மீறுவோர் மீதும், மீற அனுமதிப்போர் மீதும் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் எழுதி, மூன்றிலும் அந்த 'எக்காரணத்தைக் கொண்டும்' கீழே சிவப்புக் கோடு இழுத்தேன். தோட்டத்து வண்டிகள் தவிர என்று போட மறந்துவிட்டேன். ரசித்துக்கொண்டிருந்ததில் விட்டுப்போயிற்று.

பாலத்துக்கு முன்னால் ரோட்டை மறிக்கிற தடிக்கு எங்கள் ஊரில் பாலாங் என்று பெயர். அதன் பக்கத்தில் ஒரு தகரக் குடிசை. அதில் உட்கார்ந்து காவல் காக்கிறவர் ஜாகா. எங்கள் ஜாகா ஒரு பெண். தோட்டத்தில் சின்னது பெரிசு எல்லாருக்கும் அவர் ஜாகா அக்கா.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், முழங்கால் வலி வந்து பாலாங்குக்கு மாறினார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, அதன்மேல் கம்பளிச் சுவெட்டர், தலையில் குல்லா, குல்லாவுக்கு வெளியே தெரிகிற மாதிரி பூ. கழுத்தில் விசில். குடிசைக்குள் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். தினமும் ரேடியோச் செய்தியின்போது ஸ்டூல் மேல் ஏறி அதன் முள்ளைச் சரிபார்ப்பார். கடிகாரத்துக்கு அடியில் சுடுதண்ணீர் பிளாஸ்க்.

அந்த பிளாஸ்க் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு மணிக்கு மேல் வருகிறவனிடம் அக்கா வாதாட மாட்டார். ஒரு குவளையில் பால் போடாத தேத்தண்ணி ஊற்றி, இரண்டு பிஸ்கட்டை மேலே வைத்து நீட்டுவார். அதற்கு அர்த்தம், வண்டி போகாது. குளிரில் வந்தவனை வெறுமனே திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது, பாலாங்கைத் தூக்கவும் கை வராது. அதனால் எங்கள் தோட்டத்தில் 'தேத்தண்ணி குடிச்சுட்டேன்' என்றால் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். லயத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளைப் பக்கத்துக் கொட்டகையில் விட்டுவிட்டு, குடித்த சூட்டோடு நடந்து ஏறுவார்கள்.

போர்டு மாட்டிய முதல் சாயங்காலமே தேத்தண்ணி குடித்தது யார் தெரியுமா? துரை. பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. ஹாரன் அடித்தார். அக்கா குவளையோடு வெளியே வந்தார்.

"அம்மா, நான்தான்."

"தெரியுது துரை. சூடா இருக்கு, மெதுவா குடிங்க."

"இது தோட்டத்து வண்டி."

"அப்படி ஒண்ணும் எழுதலையே துரை. எந்த வாகனமும்னு போட்டிருக்கு. கிராணிதான் எழுதினாரு. படிச்ச புள்ள."

துரை பனியில் நடந்து பங்களாவுக்குப் போனார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, நான் எந்தக் காலேஜில் சட்டம் படித்தேன் என்று அன்போடு விசாரித்தார். அன்றே 'தோட்டத்து வண்டிகள் தவிர' என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன். இடம் இல்லாததால் அது போர்டின் ஓரத்தில் வளைந்து ஏறிற்று.

இவ்வளவு கறாரான ஆள் மற்ற விஷயங்களில் எப்படி என்று கேட்பீர்கள். கேரம் விளையாட்டில் அப்பட்டமாக ஏமாற்றுவார். தீபாவளிப் போட்டியில் சிவப்புக் காயை உள்ளங்கையால் தள்ளிக் குழியில் போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த எல்லாரையும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். நான் விதிமுறையை எடுத்துச் சொன்னேன். "போங்கலா கிராணி, இதுல பாலமா உடையப் போகுது," என்றார். பரிசு அவருக்குத்தான். பிளாஸ்க். அந்தப் பிளாஸ்க்தான்.

அடுத்து மாட்டியது நான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க ரிங்லெட்டிலிருந்து வேனில் வந்தார்கள். பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்கள் மலைப்பாதை முழுக்க வாலோடு வால் ஒட்டி நின்றன. நாலு மணிக்கு வர வேண்டிய வேன் ஆறைத் தாண்டி வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலாங்குக்கு ஓடினேன். போகும்போதே பார்த்துவிட்டேன். குவளைகள் வரிசையாக இருந்தன.

"அக்கா, இது என் வாழ்க்கை."

"நல்லா இருங்க. சர்க்கரை போதுமா பாருங்க."

"ரூலை எழுதினவனே கேக்குறேன்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. நீங்களே சிவப்புக் கோடு போட்டீங்க, நீங்களே வந்து கேக்குறீங்க. கலியாணப் பேச்சு நடந்து போயும் பேசலாம் கிராணி. ஏற்றத்துல பேசினா இன்னும் உண்மையா வரும்."

தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண் வீட்டார் மலை ஏறினார்கள். வருங்கால மாமனார் ஒவ்வொரு வளைவிலும் நின்று, மாப்பிள்ளைக்கு இந்தத் தோட்டத்தில் என்ன மரியாதை என்று தன் தம்பியிடம் சத்தமாகக் கேட்டார். அவர் மகள் சிரித்துக்கொண்டே நடந்தாள். கலியாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்: "உங்கள பார்த்து யாரு சம்மதிச்சா? அந்த ஜாகா அக்கா இருக்கிற ஊருன்னா பயமில்லாம இருக்கலாம்னு தோணுச்சு."

இப்போது நீங்கள் அவரை ஒரு கல் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்தக் காலை வரைக்கும்.

ஆபீஸ் திறக்கப் போகும்போது அக்கா வாசலில் நின்றிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மேலே கோசுத் தோட்டத்தில் ஒரு நேப்பாளிப் பையனின் கை பம்ப் பெல்ட்டில் சிக்கிவிட்டது. லோரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மணி ஆறரை. அக்கா பிளாஸ்க் பக்கமே போகவில்லை. விசிலை ஊதிக்கொண்டே பாலாங்கைத் தூக்கி, பாலத்தின் மேல் லோரிக்கு முன்னால் டார்ச்சோடு பின்பக்கமாக நடந்து அதைக் கடத்திவிட்டார். பையனுக்குக் கை பிழைத்தது. துரை வந்து உட்கார்ந்ததும் அக்கா அவர் மேசை முன்னால் போய் நின்றார்.

"நேத்து ரூலை மீறிட்டேன் துரை. லெட்டர் குடுங்க."

துரை எழுந்தே நின்றுவிட்டார். "எதுக்கும்மா லெட்டர்? நீங்க செஞ்சது சரி."

"சரிதான். ரூலை மீறினதும் நெசந்தான். வார்னிங் லெட்டர் குடுங்க."

"நான் மன்னிச்சுட்டேன்னு வச்சுக்குங்க."

"நீங்க மன்னிச்சா எனக்கு என்ன லாபம்? இன்னிக்கு எல்லா லோரிக்காரனும் வந்து நிப்பான். அவனுக்கு விட்டியே, எனக்கு விடுன்னு கேப்பான். லெட்டர் இருந்தா காட்டுவேன். விட்டேன், வாங்கினேன். உனக்காகவும் நான் ஒண்ணு வாங்கணும்னா காரணத்தைச் சொல்லுன்னு கேப்பேன்."

துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பரீட்சையில் இப்படி ஒரு பதிலை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லோரிக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

இரண்டாவது கடிதம் ஒரு மாட்டுக்காக. மாட்டின் சொந்தக்காரி அக்காவின் பரம விரோதி. கோயில் கும்மியில் யார் முன்னால் நிற்பது என்று எப்போதோ வந்த சண்டை, முகம் பார்த்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஈனும்போது கன்று பாதியில் நின்று மாடு கத்திக்கொண்டிருக்க, மாட்டு டாக்டரின் ஜீப் ஆறு மணிக்கு மேல் வந்து நின்றது. அக்கா தூக்கினார். காலையில் வந்து கடிதம் கேட்டார். 'ஒரு மாட்டின் பொருட்டு' என்று அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவங்களோட பேசக்கூட மாட்டீங்களே அக்கா?"

"இப்பவும் பேச மாட்டேன். மாடு என்னலா செஞ்சிச்சு?"

இரண்டு கடிதம் வரைக்கும் விளையாட்டு. மூன்றாவது வந்தால் விசாரணை. விசாரணை என்றால் வேலை போகலாம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், லயத்து வீடு வேலைக்கு ஒட்டினது. அக்காவின் வீட்டில் அவர் கணவர், கொழுந்து லோரி கவிழ்ந்து கால் போனவர், ஊன்றுகோலோடு கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். கீழே எந்த டவுனிலும் அவர்களுக்கு அப்போது ஒரு கூரை கிடையாது. இது எனக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், எல்லாரையும்விட அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்து ஆள் ஒருவர் ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை ஏற்றிக்கொண்டு வந்த வேன், வழியில் மண் சரிந்து பல மணி நேரம் நின்று, இருட்டின பிறகு பாலாங்குக்கு வந்தது. உள்ளே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். உடலைத் தூக்கிக்கொண்டு போக லயத்து ஆண்கள் குடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். நானும் நின்றேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். சட்டம் போட்ட இரண்டு கடிதங்களைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் இருந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, பாலாங்கைத் தூக்கினார்.

வேன் போய்ச் சேர்ந்தது. ஆனால் மழையில் சக்கரம் வழுக்கி, பாலத்தின் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் பெயர்ந்து ஓடையில் விழுந்துவிட்டது. உடைந்ததை மறைக்க முடியாது. தாப்பாவில் இருந்த எங்கள் பெரிய ஆபீஸுக்குச் செய்தி போயிற்று. விசாரணை வரைக்கும் அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

என் சட்ட மூளை விழித்துக்கொண்டது. வீட்டுக்கே போய் யோசனை சொன்னேன்.

"அக்கா, ஒரே வார்த்தை. கடிகாரம் ஸ்லோவா ஓடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு அப்ப ஆறே ஆகல. முடிஞ்சது."

அக்கா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "என்னப் பத்தி என்ன வேணா பேசுங்க. என் கடிகாரத்தைப் பத்திப் பேசாதீங்க."

பாலாங்கில் ஆள் வேண்டுமே. ரூல் எழுதினவனே உட்காரட்டும் என்றார் துரை. உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு கோசு லோரிக்காரர் அம்மா சாகக் கிடக்கிறார் என்றார். தூக்கினேன். மறுநாள் அதே ஆள், அதே அம்மா. தூக்கினேன். அதற்கடுத்த நாள் அந்த அம்மாவே லோரியில் முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வயிற்று வலி என்று உள்ளே போய், தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஒரு கல்லூரிக் கூட்டம் சூரிய அஸ்தமனம் அவசரம் என்றது. அதற்கும் தூக்கினேன், சொல்லிய விதம் உருக்கமாக இருந்தது. ஒரு வாரம் முடிவதற்குள் பாலத்தின் மறுபக்கக் கம்பியும் ஆட ஆரம்பித்தது.

விசாரணைக்குப் பெரிய ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். யூனியன்காரர் அக்காவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன். இவ்வளவு சொன்னால் போதும்.

"அடிபட்டவனுக்குத் திறந்தீங்க, புரியுது," என்றார் அதிகாரி. "செத்தவருக்கு என்னம்மா அவசரம்?"

"அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார். அவர் பொண்டாட்டிக்கு இருந்துச்சு."

"ஆண்கள் வந்திருந்தாங்களே. தூக்கிட்டுப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். இந்த ஏற்றத்துல காலம் பூரா கொழுந்து மூட்டை தூக்கினவரு சார். ஒரு நாளாச்சும் வண்டியில ஏறட்டும்னு தோணுச்சு. அது ரூல்ல இல்ல. அதான் வந்து நிக்கிறேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்தார். "அப்ப ரூலையே மாத்திடலாமா? அவசரம்னா திறக்கலாம்னு போட்டுட்டா உங்களுக்கும் தொல்லை இல்ல."

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு வாரம் அப்படித்தானே சார் இருந்துச்சு. கம்பியைப் போய்ப் பாருங்க."

நான் அதையும் குறிப்பில் எழுதினேன். எழுத வேண்டியதாயிற்று.

"கடைசியாக் கேக்குறேன்," என்றார் அதிகாரி. "மறுபடி இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க?"

யூனியன்காரர் மேசைக்கு அடியில் அக்காவின் காலைத் தட்டினார். தட்டுப்பட்டது என் கால்.

"வராதுன்னு வேண்டிக்குவேன். வந்தா திறப்பேன். திறந்துட்டு இங்க வந்து நிப்பேன்."

யூனியன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு பெரிய ஆபீசிலிருந்துதான் வரும் என்று அதிகாரி போய்விட்டார். அதுவரைக்கும் பாலாங்கில் யார் என்ற கேள்வி வந்தபோது, துரை என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அக்காவையே திரும்ப உட்காரச் சொன்னார். அன்று சாயங்காலமே லோரிக்காரர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். அந்த சாகக் கிடந்த அம்மாவும் ஒரு குவளை குடித்தார்.

அக்கா எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கணவர் கோழிக்கூட்டை ஆணி கழற்றிப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். பலகைகள் சுவரில் சாய்ந்து கிடந்ததை ஆபீஸ் போகும்போதெல்லாம் பார்த்தேன். அந்த நாட்களில் நான் யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை. பெண்டாட்டி எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

இன்று அந்தக் குடிசை இல்லை. தடியும் இல்லை. கார்டைக் காட்டினால் தானாகத் திறக்கிற எந்திரம் நிற்கிறது. போன மாதம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய் அதன் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றாலும் அது ஒரு பிஸ்கட்கூடத் தராது. அக்கா ரிட்டயராகி, கணவரோடும் கோழிகளோடும் தாப்பாவில் மகள் பிறகு கட்டிய வீட்டில் இருக்கிறார், கேரத்தில் பேரப்பிள்ளைகளை ஏமாற்றிக்கொண்டு. ஆக, அன்று முடிவு என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அந்த சாயங்காலத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முடிவை வாங்கிவர துரை என்னைத்தான் தாப்பாவுக்கு அனுப்பினார். புதிதாக வாங்கிய என் பழைய காரில் போனேன். கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். வராத நாட்களுக்குச் சம்பளம் பிடித்தம். கடைசி எச்சரிக்கை. வேலை தொடரும். வீடு தொடரும். காரணம் என்று ஒரு வரி இருந்தது: 'மாற்று ஏற்பாடு திருப்திகரமாக இல்லாததால்.' அந்த மாற்று ஏற்பாடு நான்தான். வாழ்க்கையில் என் கையாலாகாத்தனம் ஒரு குடும்பத்துக்கு வீட்டை மீட்டுக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

போனில் சொல்லலாம் என்றால் பாலாங் பக்கம் லைன் கிடைக்காது. காரைக் கிளப்பினேன். மலைப்பாதையில் ஒரு லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, பாட்டுப் பாடி, ரிங்லெட்டில் அக்காவுக்கு அல்வா வாங்கி, வந்து சேரும்போது பனி இறங்கியிருந்தது. குடிசையில் விளக்கு எரிந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

"அக்கா, வேலை இருக்கு. வீடும் இருக்கு. அண்ணனை ஆணியெல்லாம் திரும்ப அடிக்கச் சொல்லுங்க."

அக்கா வாசலுக்கு வந்தார். குல்லாவைக் கழற்றி, முகத்தை அதிலேயே ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி உள்ளே போனார். பாலாங்கைத் தூக்கத்தான் போகிறார் என்று நான் கியரைப் போட்டுத் தயாராக இருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தேத்தண்ணி ஊத்திட்டேன், காரை அங்கயே விட்டுட்டு நடந்து வாங்க கிராணி."